மூடிக்குள் ஒரு சுண்ணாம்புக் கோடு

அந்தத் தெருவில் யார் வீட்டிலாவது ஒரு புட்டி திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால், அதைத் தூக்கிக்கொண்டு மூலை வீட்டு மாடிப்படி ஏறுவார்கள். மேலே குடியிருந்தவரின் பெயர் மூடி மாமா. எங்கள் ஆய்வு நிலையத்தில் வைத்த பட்டப்பெயர் எப்படியோ தெருவரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. துருவேறிய டப்பா, இறுகிப்போன புட்டி, சாவி தொலைந்த பெட்டி, எதுவானாலும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு ஓரிடத்தில் கட்டைவிரலால் ஒரு அழுத்து. டப்பென்று திறந்துகொள்ளும்.

"இது பிடிவாதம் இல்லைம்மா. எங்கேயோ ஒரு மூலையிலே மாட்டிக்கிட்டு முழிக்குது. அந்த மூலையைக் கண்டுபிடிச்சாப் போதும்" என்பார்.

பெண்கள் சிரித்துக்கொண்டே இறங்கிப் போவார்கள். அவர் தன் வாழ்நாளில் செய்த மிகப் பெரிய மூடி திறக்கவே இல்லை என்பதும், அது காற்றுக்கு மேலே எங்கோ மூடினது மூடினபடி உருண்டுகொண்டிருக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

அவர் எங்கள் நிலையத்தின் கருவிப் பட்டறையில் வேலை பார்த்தவர். நானும் அங்கே இருந்தவன்தான். நாங்கள் செய்தது எக்ஸ்ரே கேமரா. ஆஸ்பத்திரியில் எலும்பைப் படம் பிடிக்கிறார்களே, அதே கதிர்தான் வெடித்துச் சிதறிய நட்சத்திரங்களிலிருந்தும் வருகிறது. ஆனால் நம் தலைக்கு மேலிருக்கும் காற்று அதை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிடும். அதனால் கேமராவைக் காற்றுக்கு மேலே அனுப்பியாக வேண்டும். அதன் கண், கட்டைவிரல் நகம் அகலத்துக்கு ஒரு சிலிக்கான் சில்லு. அதன்மேல் கதிர் ஒவ்வொரு துளியாக வந்து விழும். விழுந்த துளிக்கு எவ்வளவு வலு என்று சில்லு சொல்லும். இரும்புக்கு ஒரு வலு, கந்தகத்துக்கு ஒன்று, சுண்ணாம்பு என்று நாங்கள் சொல்லும் கால்சியத்துக்கு ஒன்று. எந்தத் தனிமமும் இன்னொன்றின் வலுவைத் திருடிக்கொள்ளாது. துளிகளை வலுவாரியாக அடுக்கினால் திரையில் குத்துக்கோடுகள் எழும். கோடு நிற்கும் இடத்தைப் பார்த்தே, எங்கோ எரிகிற நெருப்பில் என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

சில்லு மகா தொட்டாற்சுருங்கி. ராக்கெட் புகை பட்டால் போச்சு, வெயில் நேராகப் பட்டால் குருடு. அதனால் மேலே போய்ச் சேரும்வரை அதற்கு ஒரு மூடி. அதைச் செய்தவர்தான் நம்மவர். மூடியின் உட்புறத்தில் சட்டைப் பொத்தான் போல ஒரு வட்டம் பதித்திருந்தது. கதிர் வீசும் இரும்பு பூசிய வட்டம். மூடியிருக்கும்போது சில்லு அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருக்கும். பொத்தானின் கோடு எங்கே எழ வேண்டும் என்று நமக்குத் தெரியும் என்பதால், கண் நலமா என்று பார்க்க அதுவே சோதனை. மேலே போனதும் ஒரு ஊசியை விடுவித்தால், சுருள்வில் தள்ளி, மூடி புரண்டு ஒதுங்கும். பொத்தான் மறையும். வானம் தெரியும்.

சில்லிலிருந்து வெளியே போகும் தங்கக் கம்பிகளைக் கட்டியது அவருடைய மனைவி. தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள். நுண்ணோக்கியில் குனிந்தபடி ஒவ்வொன்றாக அழுத்தி ஒட்ட வைக்க வேண்டும். ஊசிக்காரி என்றால் நிலையம் முழுக்கத் தெரியும். தூசி இல்லாத அந்த வெள்ளை அறையில் யாராவது தும்மினால் அவர்கள் பாடு அவ்வளவுதான்.

"வீட்டிலேயும் அதே முகம், இங்கேயும் அதே முகம், உங்களுக்குச் சலிக்கலையா அக்கா?" என்று ஒருதடவை யாரோ கேட்டார்கள்.

"இங்கே ஏது முகம்? வெள்ளை அங்கியும் முகமூடியும் போட்டா கண்ணு ரெண்டு மட்டும்தானே தெரியுது. அதனாலதான் குடித்தனம் ஓடுது" என்றாள்.

பிள்ளைகள் இல்லை. இருவரும் ஒரே பேருந்தில் வருவார்கள், ஒரே பேருந்தில் போவார்கள். கேமரா பாதி முடிந்த சமயத்தில் அவளுக்கு நோய் வந்தது. எலும்பில் பிடித்த நோய். அதற்குக் கொடுத்த மருந்து தாடையைத் தின்றது. பற்கள் ஆட்டம் கண்டு ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அவள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசப் பழகினாள். வீட்டில்கூட, புருஷன் எதிரில்கூட. வேலைக்கு மட்டும் விடாமல் வந்தாள். "அங்கேதான் எல்லாருக்கும் வாய் மூடியிருக்கு" என்பாள். கேமராவை மூடும் நாளன்று கடைசியாக வந்தாள். ராக்கெட் கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ராக்கெட் நல்லபடியாகவே போனது. மூடியைத் திற என்று கட்டளை அனுப்பினார்கள். ஊசி விடுபட்டது. மூடி மயிரிழை அசைந்தது, நின்றுவிட்டது. எத்தனை முறை கேட்டும் அதே பதில். சில்லு பொத்தானையே வெறித்துக்கொண்டிருந்தது. மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே, கேமராவைச் சுமந்த செயற்கைக்கோளின் திசைபிடிக்கும் சக்கரம் பழுதாகி, அது தலைகீழாக உருள ஆரம்பித்தது. மின்கலம் தீர்ந்தது. பேச்சு நின்றது. அத்தனை பேருடைய பல வருஷ உழைப்பு.

விசாரித்த குழு, சுருள்வில் குளிரில் விறைத்திருக்கலாம் என்றது. அதாவது மூடி. அதாவது மூடி மாமா. யாரும் அவரைத் திட்டவில்லை. நடைவழியில் எதிரே வந்தால் கையிலிருக்கும் காகிதத்தைப் படிக்க ஆரம்பித்தார்கள். தேநீர்க் கூடத்தில் ஒருத்தன் சர்க்கரை டப்பாவைத் திறக்க முடியாமல் திணறியபோது, "மாமா செஞ்சதா?" என்று இன்னொருத்தன் கேட்டான். அவர் அன்றே எழுதிக்கொடுத்துவிட்டு விலகினார்.

மூன்று வருஷத்துக்குமேல் ஓடியது. ஒருநாள் மத்தியானம் அவர் வீட்டுக்குக் கோட்டுக்காரி வந்தாள். திரையில் எழும் கோடுகளைப் படிப்பது அவள் வேலை. ஊசிக்காரியை அக்கா என்றும் இவரை மாமா என்றும் கூப்பிடுவாள். உள்ளே வந்து உட்கார்ந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"மாமா, அது பேசுது."

"எது?"

"நம்ம கேமரா. கிண்ணக்காரர் பிடிச்சிருக்கார்."

கிண்ணக்காரர் என்பது தரைநிலையத்தில் பெரிய கிண்ணம் போன்ற ஆன்டெனாவைப் பார்த்துக்கொள்பவர். வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது, செத்துப்போன செயற்கைக்கோளின் குரல் அவர் காதில் விழுந்திருக்கிறது.

அவள் சொன்ன விவரம் இது. மின்கலம் செத்ததுதான். ஆனால் உருண்டு உருண்டு போகையில், எப்போதாவது அதன் இறக்கைகள் சூரியனைப் பார்த்தபடி நிற்கின்றன. அப்போது மின்சாரம் ஊறி, உள்ளேயிருக்கும் கணினி விழிக்கிறது. பழைய ஞாபகம் எதுவும் கிடையாது. கேமராவைப் போட்டு, பொத்தானைப் பார்த்து, கண் நலம் என்று கீழே சொல்லிவிட்டு, கட்டளைக்காகக் காத்திருக்கிறது. நாம் என்ன அனுப்பினாலும் அதற்குக் காது கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நிழல் விழுகிறது, அணைந்துவிடுகிறது. மறுபடி வெயில் படும்போது மறுபடி முதலிலிருந்து.

"ஒவ்வொரு தடவையும், இன்னைக்குத்தான் மேலே வந்து சேர்ந்தேன்னு நினைச்சுக்குது மாமா. இத்தனை வருஷமா மூடியைத் திறக்கச் சொல்லுவாங்கன்னு காத்துக்கிட்டிருக்கு."

அவர் எழுந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டார்.

தரைநிலையம் ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் இருந்தது. சுள்ளென்ற வெயில். உள்ளே குளிர்சாதன அறையில் கிண்ணக்காரர் ஒலிபெருக்கியைத் திருகிவிட்டார். அவருக்கு ஒரு பழக்கம், எதையும் காதால் கேட்டால்தான் திருப்தி; சில்லில் விழும் ஒவ்வொரு துளிக்கும் ஒரு சின்னச் சத்தம் வரும்படி செய்திருந்தார். முதலில் இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்து, டிக். டிக் டிக். கொஞ்சம் இடைவெளி. டிக்.

பெட்டிக்கு உள்ளேயிருந்து யாரோ நகத்தால் தட்டுவதுபோல இருந்தது. ஒழுங்கே கிடையாது. நின்றுவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி தட்டும்.

"பொத்தான்தான் இது. மேலே போனப்ப சடசடன்னு மழை மாதிரி இருந்தது. இரும்பு நாளாக நாளாகத் தேயுமில்ல, அதான் இப்ப இப்படி" என்றார் கிண்ணக்காரர்.

மூடி மாமா ஒலிபெருக்கியின்மேல் கையை வைத்துப் பார்த்தார். நிழல் விழுந்தது. சத்தம் நின்றது.

அதற்குப்பிறகு கோட்டுக்காரி, கிடைத்த துண்டுகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்க ஆரம்பித்தாள். ஒருமுறை விழித்தால் கிடைப்பது கைப்பிடித் துளிகள். பலமுறை சேர்த்தால்தான் கோடு தெளியும். பொத்தானின் கோடு எழ வேண்டிய இடத்தில் எழுந்தது. ஆனால் அதற்கு இடப்பக்கம், ஒன்றுமே இருக்கக்கூடாத இடத்தில், ஒரு சின்ன மேடு. கருவிக் கோளாறு என்று ஒதுக்கினாள். அடுத்த வாரம் அது இன்னும் உயர்ந்தது. வலுவைக் கணக்கிட்டாள். சுண்ணாம்பு.

கேமராவுக்குள் சுண்ணாம்பு கிடையாது. அலுமினியம் உண்டு, தங்கம் உண்டு, சிலிக்கான் உண்டு. சுண்ணாம்பு ஒரு பொட்டுக்கூட இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதைவிட இன்னொன்று அவளை உறங்கவிடாமல் செய்தது. அந்தக் கோடு எல்லா நாளும் வருவதில்லை. ஒருமுறை விழிக்கும்போது இருக்கும், மறுமுறை இருக்காது. இருக்கும்போது மெல்ல ஏறி மெல்ல இறங்கும், எதுவோ பொத்தானுக்கு எதிரே மிதந்து வந்து, அதன் கதிர் பட்டு மினுங்கி, சற்று நின்று, விலகிப் போவதுபோல. கேமரா மூடியிருக்கிறது. உள்ளே ஏதோ உலாவுகிறது.

பிறகு இன்னும் இடப்பக்கம் வேறொரு கோடு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் எழுந்தது. பாஸ்பரஸ். சுண்ணாம்பு இருக்கும்போது அதுவும் இருந்தது, இல்லாதபோது இல்லை. சுவரில் பூசும் சுண்ணாம்பிலும் கரும்பலகைச் சுண்ணாம்பிலும் பாஸ்பரஸ் இருக்காது. இரண்டும் சேர்ந்தே திரிகிற பொருள் எது என்று யோசித்தவள், கணினியை அணைத்துவிட்டு வெயிலில் போய் நின்றாள். எலும்பு. அல்லது பல்.

மறுபடி மூலை வீட்டு மாடி ஏறினாள்.

"மாமா, இன்னும் யார்கிட்டயும் சொல்லலை. உங்களைக் கேட்டுட்டுத்தான் மத்தது. மூடுற அன்னைக்கு உள்ளே ஏதாவது விழுந்துச்சா?"

"என்ன விழும்? அவ பக்கத்துல இருக்கறப்ப எதையாவது விழ விட்டுடுவாளா?"

அவள் சொன்னாள். கோடுகளை, அவை வந்து போகும் விதத்தை, அவை இரண்டும் சேர்ந்தால் என்ன பொருள் என்பதை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பல் என்ற சொல் வந்ததும் அவர் முகம் சுண்டியது.

"யாரைச் சொல்றே நீ? ஒரு முடி விழுந்தா ஊரைக் கூட்டறவளையா?" குரல் உயர்ந்தது. "போ. கிளம்பு முதல்ல."

அவள் எழுந்து வாசல்வரை போய்விட்டாள். பின்னால் இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். அவர் கையில் தங்கக் கம்பிச் சுருள் வருகிற குட்டிப் பெட்டி ஒன்று. விழுந்த பற்களை ஊசிக்காரி அதில்தான் போட்டு வைப்பாளாம். தூக்கியெறிய மனசு வராது என்பாளாம். அவர் அதை மேசையில் கவிழ்த்து, விரலால் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

"முன்பல்லைக் காணோம். ஓரம் உடைஞ்சிருக்கும். கம்பியைக் கடிச்சு ஒருதடவை உடைச்சுக்கிட்டா. அதைக் காணோம்" என்றார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டார். அப்புறம்தான் மூடிய அந்த நாள் அவருக்கு நினைவு வந்தது.

வெள்ளை அறையில் அவரும் ஊசிக்காரியும் மட்டும். அவள் நுண்ணோக்கியில் வெகுநேரம் குனிந்திருந்துவிட்டு நிமிர்ந்தாள். எல்லாக் கம்பியும் நல்லா இருக்கு என்றாள். அப்போ மூடிடலாமா என்று கேட்டார்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க."

"ஏன்?"

"முகமூடியைச் சரி பண்ணிக்கணும். வலிக்குது. நீங்க பார்க்க வேண்டாம்."

அவர் திரும்பி நின்றார். முதுகுக்குப் பின்னால் அங்கி உரசும் சத்தம். பசைக்குழாயின் மூடியைத் திருகுவதுபோல ஒன்று. அப்போது அதைக் கவனிக்கவில்லை. ஆச்சு, மூடுங்க என்றாள். அவர் மூடினார்.

அதற்குச் சில நாள் முன்னால், வீட்டில் படுத்தபடி அவள் ஒன்று கேட்டிருந்தாள். மூடி திறந்ததும், உள்ளே ஏதாவது ஒட்டிக்கிட்டு இருந்து உதிர்ந்தா அது எங்கே போகும்? இவர் தன் வேலையைப் பற்றிக் கேட்கிறாள் என்ற உற்சாகத்தில், வெளியே போயிடும், அப்புறம் அதுபாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருக்கும் என்றார். கீழே விழாதா என்றாள். ரொம்ப வருஷத்துக்கு விழாது என்றார். அவள் வாயை மூடிய கைக்குள் ஏதோ சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை.

"மூடியோட ஓரத்துக்குப் பின்னாடி ஒட்டியிருக்கா. சில்லுக்குத் தெரியாத இடம். அதான் கீழே சோதனை பண்ணப்ப கோடு வரலை" என்றார் கோட்டுக்காரியிடம். "ராக்கெட் குலுக்கல்ல விட்டிருக்கும். கீல்ல போய் மாட்டியிருக்கும். உடைஞ்ச தூள்தான் மிதக்குது." அவருக்கு அந்தப் பெட்டியின் ஒவ்வொரு மூலையும் தெரியும். "என் மூடியை அவதான் பிடிச்சுக்கிட்டிருக்கா."

கோபமா துக்கமா என்று கோட்டுக்காரியால் சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் அவர் ஒருமாதிரி சிரித்தாராம். அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

நிலையத்தில் அந்தக் கேமராவுக்கு ஓர் இரட்டை இருந்தது. பழுது வந்தால் ஒத்துப்பார்க்க வைத்திருந்தது. அதன் கம்பிகளையும் ஊசிக்காரிதான் கட்டியிருந்தாள். கோட்டுக்காரி குட்டிப் பெட்டியிலிருந்து ஒரு பல்லை எடுத்துப் பொத்தானுக்கு எதிரே வைத்தாள். காற்றை உறிஞ்சியெடுத்தாள். மூடி மாமா அறைக்கு வெளியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். திரையில் சுண்ணாம்புக் கோடு எழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து பாஸ்பரஸ். மேலேயிருந்து வந்ததை அதன்மேல் பொருத்தினாள். ஒன்றின்மேல் ஒன்று அச்சாக உட்கார்ந்தது. ஊசிக்காரி கட்டிய கம்பிகளே அவளைப் படித்துச் சொல்லின.

அந்த நாட்களில் அவர் சரியாக இல்லை. தெருவில் யாராவது மூடிய டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தால், திறப்பதற்கு முன்னால் காதில் வைத்துக் கேட்பார். பக்கத்து வீட்டம்மா, "என்ன மாமா, உள்ளே யாராவது இருக்காங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டாள். அவர் டப்பாவை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்குப்பின் மாடி ஏறுகிறவர்கள் குறைந்தார்கள். சமையலறை அலமாரியில் வரிசையாக நிற்கும் புட்டிகளையெல்லாம் அவர் திறந்தே வைத்திருந்தார் என்றும், எறும்பு மொய்த்துக் கிடந்தது என்றும் கோட்டுக்காரி சொன்னாள்.

ஒருநாள் தரைநிலையத்துக்குத் தானாகவே போனார். கிண்ணக்காரரிடம், "அவளுடையது மட்டும் கேட்க முடியுமா?" என்றார். கிண்ணக்காரருக்கு அதற்குள் விஷயம் தெரியும். சுண்ணாம்பின் வலுவோடு விழும் துளிக்கு மட்டும் சத்தம் வரும்படி மாற்றிக் கொடுத்தார். செயற்கைக்கோள் விழித்தது. இரைச்சல். நீண்ட மௌனம். டிக். அடுத்தது வரவே வராது போலிருந்தது. டிக். வெளியே வெயிலில் காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. உள்ளே மூன்றாவது துளிக்காக இரண்டு ஆண்கள் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

இதை அந்த மூவரோடேயே விட்டிருக்கலாம். கோட்டுக்காரி அவர் சொல்கிறபடி செய்யத் தயாராகவே இருந்தாள். ஆனால் நிலையத்தில் புதிய கேமரா ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. போனதடவை பட்ட அடியில், இந்தமுறை மூடியே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார்கள். அது அவர் காதுக்கு வந்தது. குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு, பழைய பேருந்திலேறி நிலையத்துக்கு வந்தார். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.

சுருக்கமாகத்தான் சொன்னார். யாரோ ஒருவர் பின்வரிசையில் களுக்கென்று சிரித்தார். பிறகு அறை விறைத்துப்போனது.

நிலையத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க என்ன சொல்றீங்கன்னு புரியுதா? செத்துப்போன மனைவி மேலே பழியைப் போட்டுட்டுத் தப்பிக்கிறீங்கன்னு பேசுவாங்க."

"பேசட்டும். என் பேரு கெட்டது கெட்டதுதான். ஆனா மூடி இல்லாம அனுப்பினீங்கன்னா ராக்கெட் புகையே சில்லைக் குருடாக்கிடும். வில்லு விறைக்கலை. வில்லு இன்னைக்கும் தள்ளிக்கிட்டுத்தான் இருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

கோட்டுக்காரி இரண்டு படங்களையும் திரையில் போட்டாள். நெடுநேரம் வாதம் நடந்தது. பல்தான் மூடியைப் பிடித்தது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? முடியாது. பல் உள்ளே இருக்கிறது என்பதை மறுக்க முடியுமா? அதுவும் முடியாது. கடைசியில் தலைவர், "உள்ளே ஒரு அந்நியப் பொருள் இருந்ததுன்னு போட்டுக்கலாம்" என்றார்.

"அந்நியம் இல்லைங்க. என் வீட்டுக்காரி" என்றார் மூடி மாமா.

புதிய கேமராவுக்கு மூடி உண்டு என்று முடிவானது. அவரையே கூப்பிட்டுச் செய்யச் சொன்னார்கள். நடைவழியில் எல்லாரும் மறுபடி அவர் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். ஆனால் வெள்ளை அறைக்கு வெளியே சுவரில் மாட்டியிருந்த ஊசிக்காரியின் படம் ஒருநாள் காணாமல் போயிருந்தது. அவளிடம் வேலை பழகிய பெண்களில் யாரோ கழற்றிவிட்டார்கள். தங்கள் இளமையையே அந்தக் கேமராவுக்குக் கொடுத்தவர்கள் அவர்கள், கோபம் நியாயம்தான். வெறும் ஆணி மட்டும் சுவரில் நின்றது. அவர் அதன் கீழே நின்று அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போவார். படம் எங்கே என்று கேட்டதே இல்லை.

புது மூடி பாதி ஆகியிருந்தபோது ஒரு முற்பகலில் கோட்டுக்காரி பட்டறைக்கு ஓடிவந்தாள். மூச்சிரைத்தது.

"மாமா, மூடி திறந்துடுச்சு."

அவர் கையிலிருந்த மூடியைப் பார்த்தார். "இதுவா?"

"மேலே. மேலே இருக்கிறது."

வெயிலும் குளிரும் மாறி மாறிப் பட்டுப் பல் நொறுங்கியிருக்க வேண்டும். இத்தனை வருஷம் முட்டிக்கொண்டிருந்த வில் தள்ளியிருக்கிறது. தரைநிலையத்தில் கூடியிருந்தவர்களுக்குக் கிண்ணக்காரர் அன்று பதிவு செய்ததைப் போட்டுக் காட்டினார். பொத்தானின் தட்டல் இல்லை. அதற்குப் பதில் மெல்லிய தூறல் போன்ற ஒரு சத்தம், சீராக, எல்லாத் திசையிலிருந்தும்.

"வானம் மாமா இது. உருண்டுக்கிட்டே பார்க்குது, அதனால எல்லாம் கலங்கலா வருது. கம்பி ஒண்ணுகூட அறுகலை, எல்லாமே பேசுது" என்றாள் கோட்டுக்காரி.

"சுண்ணாம்பு?"

அவள் தலையசைத்தாள். இல்லை.

தூறல் கொஞ்ச நேரம் நீடித்தது. பிறகு திடீரென்று பேய்மழை போல ஒரு ஓலம் எழுந்தது. ஒலிபெருக்கி அதிர்ந்தது. உருண்டு வந்த கண்ணில் நேராகச் சூரியன் விழுந்திருக்கிறது. ஓலம் நின்றது. அப்புறம் ஒன்றுமில்லை. சில்லு குருடாகிவிட்டது.

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். மூடி திறந்தது, வில் நல்ல வில் என்று நிரூபணமானது, அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இப்ப எங்கே இருப்பா?"

"சொல்ல முடியாது மாமா. அவ்வளவு சின்னத் தூளை எந்தக் கருவியாலும் பார்க்க முடியாது."

"இத்தனை நாள் எங்கே இருக்கான்னு தெரிஞ்சிருந்தது" என்றார்.

புதிய கேமராவும் போனது. கட்டளை போய்ச் சேர்ந்த கணமே அதன் மூடி திறந்தது. கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவரைத் தேடினார்கள், அவர் வரவில்லை. வெடித்த நட்சத்திரங்களின் கோடுகள் இப்போது நாள்தோறும் வந்துகொண்டிருக்கின்றன. கோட்டுக்காரிக்குத் தலைநிமிர நேரமில்லை.

பழையது இன்னும் மேலேயே இருக்கிறது. வெயில் பட்டால் இன்றைக்கும் விழிக்கிறதாம், கண் நலமா என்று பார்க்கிறதாம், எதுவும் தெரியாமல் பூஜ்யங்களை அனுப்புகிறதாம். அதைப் பதிவு செய்ய யாருக்கும் அவசியமில்லை. ஆனால் சில மத்தியானங்களில் மூடி மாமா பேருந்தேறி அந்த மேட்டுக்கு வருவார் என்று கிண்ணக்காரர் சொல்கிறார். வந்து உட்கார்ந்து இரைச்சலைக் கேட்பார். பொத்தானும் கிடையாது, தூறலும் கிடையாது, வெறும் இரைச்சல். நிழல் விழுந்து அதுவும் நின்றதும் பையை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பார்.

"வர்றேன்" என்பாராம்.

தன்னிடம் சொல்கிறார் என்று நினைத்து, கிண்ணக்காரர் முதலில் "சரிங்க" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது சொல்வதில்லை.